ஆறு சாஃப்ட்வேர் சான்றிதழா, அறுபது டிராயிங்கா?

போன மாதம் ஈரோட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் பையன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்து நான்கு மாதம் ஆகிறது. கேம்பஸுக்கு வந்த கம்பெனிகள் எல்லாம் கோடிங் வேலைக்குத்தான் ஆள் எடுத்துக்கொண்டு போனார்கள். இவனுக்கு அதில் மனமில்லை. மெஷின் டிசைன்தான் வேண்டுமாம். "வாட்ஸப்புல மூணு டிசைன் கோர்ஸ் நோட்டீஸ் அனுப்பியிருக்கேன். எதுல சேர்த்தலாம்னு பாத்துச் சொல்லுடா. பணத்துக்குக் கவலையில்ல, சீட்டு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். சீட்டுப் பணம் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லி, அந்தப் பணம் வீணாகிப்போனால் தீபாவளிக்கு அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதனால் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

ஒரு சின்னச் சிக்கலை முதலிலேயே தீர்த்துவிடலாம். கேட் என்று தமிழில் எழுதினால் அது நுழைவுத் தேர்வு கேட்டா, வாசல் கேட்டா, கம்ப்யூட்டரில் பாகம் வரைகிற கேட்டா என்று தெரிவதில்லை. நான் பேசப்போவது மூன்றாவதைப் பற்றி. முடிந்தவரை டிசைன் கோர்ஸ் என்றே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு என்ன தகுதி என்றால், கோயம்புத்தூரில் பதினேழு வருடமாக மெஷின் டிசைனில் இருக்கிறேன். கடந்த ஏழெட்டு வருடமாகப் புதுப் பசங்களை நேர்காணல் செய்கிற நாற்காலியிலும் உட்காருகிறேன். கார் கம்பெனிகளிலும் விமானத் துறையிலும் நான் வேலை பார்த்ததில்லை. அந்தப் பக்கம் சொல்வதெல்லாம் அங்கே இருக்கிற நண்பர்களிடம் கேட்டது.

மேஜை இழுப்பறையில் ஒரு ஹவுசிங்

கோர்ஸ்களை ஒப்பிடுவதற்கு முன், கோர்ஸ் முடித்து வருகிறவரிடம் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸில் எது பெரிய எழுத்தில் இருக்கிறதோ அதுதான் முக்கியம் என்று தோன்றிவிடும்.

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங்கைத் தாங்குகிற கூடு, கிடக்கிறது. காஸ்ட் அயர்ன், நான்கு போல்ட் துளை, நடுவில் 6206 பேரிங் (வெளி விட்டம் 62 மி.மீ., உள் விட்டம் 30) உட்கார ஒரு போர், அதாவது துளை. வருகிறவர் முன்னால் அதையும் அளக்க ஒரு வெர்னியரையும் வெள்ளைத்தாளையும் பென்சிலையும் வைப்பேன். "இதைப் பார்த்து இன்னொன்று செய்யணும். லேத்துக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரு டிராயிங் போடுங்க, நாற்பது நிமிஷம்" என்பேன். கம்ப்யூட்டர் கிடையாது.

பாதிப் பேர் வெள்ளைத்தாளைப் பார்த்ததுமே சோர்ந்துவிடுகிறார்கள். சிலர் மூன்று வியூவும் அழகாகப் போட்டுவிட்டு, நடு போருக்கு 62 என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். 62 என்றால் எவ்வளவு? 61.9 ஆனால் பேரிங் உள்ளே போகாது. 62.1 ஆனால் லொடலொடவென்று ஆடும். அங்கே எச்7 என்று போட்டிருந்தால், 62.000 முதல் 62.030 வரைக்குள் முடிக்க வேண்டும் என்று லேத்துக்காரர் புரிந்துகொள்வார். ஷாஃப்ட் பக்கம் 30 கே6 என்றால் 30.002 முதல் 30.015 வரை. மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கு. இதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை, டேபிள் இருக்கிறது. இங்கே ஒரு டாலரன்ஸ் (எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற எல்லை) வேண்டும் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு பெண் வந்தாள். திருச்செங்கோடு பக்கம், டிப்ளமா மட்டும். ஹவுசிங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல உட்கார்ற பேரிங் நம்பர் என்னங்க?" என்று கேட்டாள். வெர்னியரை இன்னும் கையில் எடுக்கவே இல்லை. போரின் அளவு பேரிங்கிலிருந்துதான் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. அவளிடம் ஒரே ஒரு சாஃப்ட்வேருக்குத்தான் சான்றிதழ் இருந்தது. அதே நாளில் வந்த ஒரு பையனிடம் ஆறு இருந்தன. லேமினேட் செய்து வைத்திருந்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நோட்டீஸ்களுக்கு வருவோம்.

ஆறு சாஃப்ட்வேர், மூன்று மாதம்

முதல் நோட்டீஸ் எல்லா ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் மாடியில் இருக்கிற வகை. பெயர் "மாஸ்டர் டிப்ளமா". ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கிரியோ, கேட்டியா, என்எக்ஸ், கடைசியில் பாகம் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடுகிற அன்சிஸும் உண்டு. மூன்று மாதம், தினமும் இரண்டு மணி நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி ஞாயிறு போக மூன்று மாதத்தில் அறுபது நாள் கிளாஸ் நடந்தால் பெரிய விஷயம். இரண்டு மணி நேரம் வீதம் 120 மணி. ஆறாக வகுத்தால் சாஃப்ட்வேருக்கு இருபது மணி நேரம். இருபது மணி நேரத்தில் ஐகான்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும். ஸ்கெட்ச் போட்டு அதைக் கன உருவமாக இழுக்க, அதாவது எக்ஸ்ட்ரூட் பண்ண, தெரியும். அதற்குள் அடுத்த சாஃப்ட்வேருக்கு மாறிவிடுவார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொன்றை நோட்டீஸ் அடிக்கிறவர்கள் சொல்லமாட்டார்கள். இந்த 3டி சாஃப்ட்வேர்கள் எல்லாம் உள்ளுக்குள் ஒரே குடும்பம். அளவை மாற்றினால் மாடல் தானாக மாறுகிற முறையை 1988-ல் ப்ரோ-இன்ஜினீயர் என்ற சாஃப்ட்வேர் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுதான் இன்றைய கிரியோ. 1995-ல் வந்த சாலிட்வொர்க்ஸும் அதே வழியில்தான் போனது. பிரான்ஸில் விமானம் செய்கிற தஸோ கம்பெனிக்குள் 1970-களின் கடைசியில் பிறந்தது கேட்டியா. சாலிட்வொர்க்ஸை 1997-ல் வாங்கியதும் அந்தத் தஸோ குழுமத்தின் சாஃப்ட்வேர் நிறுவனம்தான். ஸ்கெட்ச், கன்ஸ்ட்ரெயின்ட், ஃபீச்சர், அசெம்பிளி, டிராயிங் என்ற வரிசை எதில் போனாலும் மாறாது. ஒன்றை ஆழமாகத் தெரிந்தவர் அடுத்ததற்கு இரண்டு மூன்று வாரத்தில் மாறிவிடுவார். எங்கள் ஆபீசிலேயே கிரியோவிலிருந்து சாலிட்வொர்க்ஸுக்கு மாறியபோது பத்து நாள் எல்லாரும் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. ஆறும் மேலோட்டமாகத் தெரிந்தவருக்கு ஏழாவது கற்றுக்கொள்வதும் முதலாவது கற்றுக்கொள்கிற மாதிரியேதான் இருக்கும்.

அப்படியானால் இந்த சென்டர்கள் எதற்கும் உதவாதா? அப்படிச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர், கம்பெனியில் கேட்டியா கேட்கிறார்கள் என்று மாலை நேரத்தில் அதை மட்டும் நாற்பது மணி நேரம் படிக்கப் போனால் காசுக்கு மதிப்பு உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவருக்கு ஒரு சிஸ்டமாவது கிடைக்கிறது. ஆறு சாஃப்ட்வேர் பேக்கேஜ்தான் வேண்டாம் என்கிறேன். போய் "சாலிட்வொர்க்ஸ் மட்டும் போதும், அதற்கு மட்டும் ஃபீஸ் சொல்லுங்க" என்று கேளுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். எழுந்து நடக்க ஆரம்பித்தால் சொல்லிவிடுவார்கள்.

எந்த ஒன்றை எடுப்பது என்பது நீங்கள் எந்த ஊரில் வேலை தேடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோவையில் பம்ப், டெக்ஸ்டைல் மெஷின், ஸ்பெஷல் மெஷின் செய்கிற நடுத்தரக் கம்பெனிகளில் சாலிட்வொர்க்ஸ் அதிகம், கிரியோவும் உண்டு. கார் பாகங்கள் என்றால், சென்னை, ஓசூர், பெங்களூரு, புனே பக்கம் கேட்டியா அல்லது என்எக்ஸ். ஃபேப்ரிகேஷன், பிளான்ட் லேஅவுட் வேலைகளில் ஆட்டோகேட் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. 1982-ல் வந்தது, இன்றைக்கும் தினமும் எனக்கு யாரோ ஒருவர் அதன் ஃபைலை அனுப்புகிறார். நீங்கள் போக விரும்புகிற பத்து கம்பெனிகளின் விளம்பரத்தை எடுத்து எண்ணிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

நாற்பத்தைந்து நாள், முழு நாள்

இரண்டாவது நோட்டீஸ்தான் உண்மையில் யோசிக்க வைத்தது. இப்போது "இன்டென்சிவ்" என்ற பெயரில் நிறைய வருகிறது. 45 வேலை நாள், காலை ஒன்பது முதல் மாலை ஆறு. ஒரே சாஃப்ட்வேர், ஒரே துறை. சாப்பாட்டு நேரம் போனால் நாளைக்கு எட்டு மணி, மொத்தம் 360 மணி. முதல் நோட்டீஸில் ஒரு சாஃப்ட்வேருக்குக் கிடைத்த இருபது மணியோடு இதை வைத்துப் பாருங்கள்.

மணிக்கணக்கைவிட முழு நாள் என்பதில் வேறொரு லாபம் இருக்கிறது. இரண்டு மணி நேரக் கிளாஸில் ஒரு டிராயிங் பாதியில் நிற்கும்போது மணி அடித்துவிடும். மறுநாள் ஆசிரியர் அடுத்த பாடத்தைத் தொடங்கிவிடுவார். முழு நாள் உட்கார்ந்தால் காலையில் போட்டதை மதியம் திருத்தி வாங்கி, மாலைக்குள் மறுபடி போடலாம். ஆபீசில் வேலையும் அப்படித்தான் நடக்கிறது. எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு அசெம்பிளியோடு மல்லுக்கட்டத் தன்னால் முடியுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். சிலருக்கு முடியாது. அதை 45 நாளில் தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

ஆனால் இந்த வகையில் நல்லதும் மோசமானதும் ஒரே மாதிரி நோட்டீஸ்தான் அடிக்கின்றன. பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். டெமோ கிளாஸுக்குப் போய், போன பேட்ச் மாணவர் ஒருவரின் திருத்திய டிராயிங்கைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்த டிராயிங் வேண்டாம், சுவரில் ஃப்ரேம் போட்ட 3டி படமும் வேண்டாம். சிவப்பு மையில் கிறுக்கிய தாள் வேண்டும். "இந்த அளவை எங்கிருந்து எடுத்தாய்?", "இதை எப்படிப் பிடித்து டிரில் போடுவான்?" என்றெல்லாம் ஓரத்தில் எழுதியிருந்தால் அங்கே யாரோ உண்மையிலேயே வேலை தெரிந்தவர் இருக்கிறார். அப்படித் தாளே இல்லை என்றால், யூடியூபில் பார்க்க வேண்டியதை ஏசி அறையில் பார்க்கப்போகிறீர்கள்.

சிவப்பு மையில் என்ன இருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு தகட்டில் வரிசையாக ஐந்து துளை. புதிதாக வருகிறவர்கள் சங்கிலி மாதிரி அளவு கொடுப்பார்கள்: ஓரத்திலிருந்து முதல் துளைக்கு 20, அங்கிருந்து அடுத்ததற்கு 20, அப்புறம் இன்னொரு 20. ஒவ்வொன்றிலும் 0.1 முன்னே பின்னே இருக்கலாம் என்று விட்டால், ஐந்தாவது துளை ஓரத்திலிருந்து அரை மி.மீ. வரை தள்ளிப்போகலாம். டிராயிங் அழகாக இருக்கும், அசெம்பிளியில் போல்ட் இறங்காது. எல்லாத் துளைக்கும் ஒரே ஓரத்திலிருந்து அளவு கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் 0.1-க்குள் நின்றிருக்கும். சாஃப்ட்வேர் இதைச் சொல்லித்தராது. அது நீங்கள் கேட்ட இடத்தில் அளவைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும்.

பிளாஸ்டிக் பாகத்துக்கான கோர்ஸ் என்றால், மோல்டிலிருந்து (வார்க்கிற அச்சிலிருந்து) பாகம் வெளியே வரச் சுவருக்கு எவ்வளவு சரிவு, வலுவுக்காக உள்ளே கொடுக்கிற ரிப் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அன்றாடப் பேச்சாக இருக்க வேண்டும். ரிப்பைச் சுவரின் தடிமனுக்கே வைத்தால் எதிர்ப்பக்கம் பள்ளம் விழும். அதனால் பாதி, கொஞ்சம் கூடப் போனால் அறுபது சதவீதம் என்று நிறுத்துவார்கள். டெமோவில் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் முகத்தில் ஒரு சந்தோஷம் வர வேண்டும்.

இதில் அபாயமும் இருக்கிறது. ஒரே துறையில் 45 நாள் ஊறினால் அந்தத் துறைக்குத்தான் லாயக்கு என்று ரெஸ்யூமே சொல்லும். காரின் உலோகக் கூட்டை டிசைன் செய்வதைப் பயின்றுவிட்டுக் கோவையில் வேலை தேடினால் கொஞ்ச நாளில் அலுத்துவிடும். ஊரை விட்டுப் போகத் தயாராக இருக்கிறவருக்கே அது.

அப்புறம் ஃபீஸ். முழு நாள் கோர்ஸ் என்பதால் மாடி சென்டரைவிட நிச்சயம் கூடத்தான் இருக்கும். கையில் இல்லையென்றால், "ஈஸி இஎம்ஐ" என்பார்கள். அது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் போடப்படுகிற கடன். கோர்ஸ் பிடிக்காமல் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்ற வரிக்கும் "பிளேஸ்மென்ட் உதவி" என்ற வரிக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. ரசீதில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிகிரி ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

டூல் ரூம் பிள்ளைகள்

மூன்றாவது நோட்டீஸை அக்கா ஒப்புக்குத்தான் அனுப்பியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தாராம், அரசுப் பயிற்சி நிலையம். மோல்டு மாதிரிக் கருவிகளைச் செய்கிற டூல் ரூமோடு சேர்ந்தது. "இது ரொம்ப நாள் ஆகுமாட்ட இருக்குது" என்றாள். ஆகும்தான். ஆனால் எனக்கு இவர்கள் மேல் ஒரு தனி மரியாதை உண்டு, மறைக்கவில்லை.

ஹைதராபாத் பாலாநகரில் இருக்கிற மத்திய அரசின் டூல் டிசைன் நிறுவனம் 1968-ல் ஐ.நா. உதவியோடு தொடங்கியது. பெங்களூரு ராஜாஜி நகரில் கர்நாடக அரசின் டூல் ரூம், டென்மார்க் உதவியில் வந்தது. சென்னை கிண்டியில் பிளாஸ்டிக் துறைக்கான மத்திய அரசு நிறுவனம் சிபெட், அதுவும் 1968. பிளாஸ்டிக் மோல்டு என்றால் அந்தப் பெயரைத் தெரியாத ஆளே தொழிலில் இல்லை. இவற்றின் விசேஷம், கம்ப்யூட்டர் அறைக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மோல்டை வரைகிற பையன் அந்த மோல்டு, மின்பொறியால் உலோகத்தை அரிக்கிற ஸ்பார்க் மெஷினில் உருவாவதைப் பார்க்கிறான். ஸ்டீலை ஃபைல் போட்டுக் கை காய்த்தவன். அங்கிருந்து வந்தவர்களுக்கு இழுப்பறை ஹவுசிங் எல்லாம் தேவையே படுவதில்லை, பேச்சிலேயே தெரிந்துவிடும். தனியார் கோர்ஸோடு ஒப்பிட்டால் அவர்கள் ஃபீஸ் கொடுத்து வாங்குவது மெஷின் பக்கத்தில் நிற்கிற உரிமையை.

விலை என்னவென்றால் காலம். பல கோர்ஸ்கள் ஒரு வருடம், அதற்கு மேலும் ஓடும். சேர்க்கைக்கு வருடத்தில் குறிப்பிட்ட சமயம்தான், நினைத்தபோது சேர முடியாது. டிப்ளமா முடித்த இருபது வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பேன். பி.இ. முடித்துக் கல்விக் கடன் தவணை தொடங்கப்போகிற இருபத்திரண்டு வயதுப் பையனிடம் இன்னும் ஒன்றரை வருடம் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னும் கல்லூரியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சிகள் வருகின்றன. அதே வருடம் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ, தஸோவோடும் சீமென்ஸோடும் சேர்ந்து டைடல் பார்க்கில் உற்பத்தித் துறைக்கான சிறப்பு மையங்களைத் திறந்தது. எங்கள் காலத்தில் இதெல்லாம் கனவில்கூட இல்லை. அட்டெண்டன்ஸுக்காக மட்டும் உட்கார்ந்துவிட்டு, படிப்பு முடிந்த பிறகு அதே பாடத்துக்கு வெளியே ஃபீஸ் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

காசில்லாமல் இரண்டு வழி

நோட்டீஸ் அடிக்காத வழிகளும் உண்டு. முதலாவது, வீட்டிலேயே கற்றுக்கொள்வது.

சாமான்களுக்குக் குறைவில்லை. ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஆட்டோகேட், இன்வென்டர், ஃப்யூஷன் எல்லாவற்றையும் ஒரு வருட உரிமத்தில் இலவசமாகத் தருகிறது, மாணவராக இருக்கும்வரை புதுப்பிக்கலாம். ஆனால் படித்துக்கொண்டிருக்கிறவருக்குத்தான். ஆகவே கடைசி செமஸ்டர் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். படிப்பு முடிந்தவருக்கு ஃப்ரீகேட் இருக்கிறது, 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. முன்பிருந்த எரிச்சல்கள் நிறையக் குறைந்திருக்கின்றன. ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும். இலவசக் கணக்கில் நீங்கள் வரைவதை எல்லாரும் பார்க்கலாம், கற்றுக்கொள்கிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. பாடத்துக்கு என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் இன்ஜினீயரிங் டிராயிங் வீடியோக்கள் இருக்கின்றன. நண்பன் கொடுத்த கிராக் காப்பியை மட்டும் தொடாதீர்கள். அந்த லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகிய ஒரு டிரெய்னியால் ஒரு கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்த கதை எனக்குத் தெரியும்.

பயிற்சி கணக்குகளுக்கு சாலிட்வொர்க்ஸின் அசோசியேட் தேர்வு மாதிரித் தாள்களைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு பாகத்தின் படம் கொடுப்பார்கள், வரைந்து மெட்டீரியலைக் கொடுத்தால் எடை எத்தனை கிராம் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வியில் இரண்டு மூன்று அளவை மாற்றிவிட்டு, இப்போது எத்தனை கிராம் என்பார்கள். ஏனோதானோவென்று வரைந்தவரின் மாடல் அந்த இடத்தில் சிவப்புச் சிவப்பாக உடைந்து நிற்கும். சான்றிதழ் வாங்குகிறீர்களோ இல்லையோ, அந்த உடைசல் நல்ல வாத்தியார்.

வீட்டுப் படிப்பின் குறை ஒன்றே ஒன்று. திருத்த ஆள் இல்லை. அதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு, கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரு சாமானைப் பிரியுங்கள். குழாய், சைக்கிள் பெடல், மிக்ஸி கப்ளர், எதுவானாலும் சரி. வெர்னியர் ஒன்று வாங்கி அளந்து வரையுங்கள். அந்த டிராயிங்கைப் பிரின்ட் எடுத்துத் தெருமுனை லேத் பட்டறையில் கொண்டுபோய், "அண்ணா, இதை வைத்து இந்தப் பாகத்தை உங்களால் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. அவர் கேட்கிற முதல் மூன்று கேள்விகள்தான் உங்கள் டிராயிங்கில் விட்டுப்போன மூன்று விஷயங்கள்.

இரண்டாவது வழி, கோர்ஸே வேண்டாம் என்று சின்னக் கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுவது. பெரிய கம்பெனி என்றால் அப்ரண்டிஸ். 2019-ல் திருத்திய விதிகளின்படி பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமாவுக்கு 8,000 என்று வைத்தார்கள். தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் வந்தால் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். பணமாகப் பார்த்தால் வெளியூரில் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். கோர்ஸுக்குக் கட்டுகிற பணத்தோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறு.

நான் வந்தது இந்த வழிதான். கோவை கணபதியில் பதினைந்து பேர் இருந்த ஒரு பட்டறை. சேர்ந்து மூன்றாவது வாரம், ஒரு அலுமினியம் பிளாக்கில் பாக்கெட், அதாவது குழி, ஒன்று வரைந்து கொடுத்தேன். ஆழம் 40 மி.மீ., உள்மூலை ஆரம் 1 மி.மீ. ஸ்கிரீனில் கச்சிதமாக இருந்தது. மதியம் மெஷின் ஓட்டுகிற அண்ணன் டிராயிங்கை மடித்துக்கொண்டு மேலே வந்தார். "தம்பி, ஒரு எம்எம் ஆரம் வேணும்னா ரெண்டு எம்எம் கட்டர் போடணும். அதை நாப்பது எம்எம் ஆழத்துக்கு எறக்கச் சொல்றீங்க. ஊசியால கெணறு வெட்டுற வேலையா இருக்குதுங்க" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஆரத்தை 6 ஆக்கினேன். அந்த மூலையில் வந்து உட்கார வேண்டிய பாகத்துக்கு முனையை மழுக்கினேன். பதினேழு வருடம் ஆகிறது, இன்றைக்கும் பாக்கெட் வரையும்போது கை தானாக ஒரு நொடி நிற்கும்.

இந்த வழியின் குறையும் எனக்குத் தெரியும். சின்னப் பட்டறையில் யாரும் உட்கார்ந்து சொல்லித்தரமாட்டார்கள். பாகத்தின் வடிவமும் இடமும் எவ்வளவு பிசகலாம் என்று டிராயிங்கில் குறிக்கிற ஜி.டி. அண்ட் டி. என்பதை நான் ஐந்தாவது வருடம்தான் ஒழுங்காகப் படித்தேன். வியூக்களைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்க கஸ்டமருக்குத் தேர்டு ஆங்கிள், மாற்றிப் புரிந்துகொண்டால் இடது கைப் பாகம் வலது கைப் பாகமாகிவிடும் என்பதைக்கூட ஒரு ரிஜெக்ஷனுக்குப் பிறகுதான் கற்றேன். பட்டறையில் பாடம் வருகிற வரிசை நம் கையில் இல்லை.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்

படிப்பு முடிந்து இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டவர் என்றால் யோசிக்காமல் பட்டறைக்கு அனுப்பியிருப்பேன். அவருக்கு ரெஸ்யூமேயில் இன்னொரு கோர்ஸ் வருவதைவிட ஒரு கம்பெனிப் பெயர் வருவது முக்கியம். டிப்ளமா என்றால் டூல் ரூம். அரியர் இருக்கிறவர் முதலில் அதை முடிக்க வேண்டும், நான்கு மாதம் போனாலும் பரவாயில்லை.

இவன் புதிதாக முடித்தவன், வீட்டில் ஆறு மாதம் தாங்குவார்கள், சென்னைக்கும் போகத் தயார். எனக்கு மனம் இரண்டாவது நோட்டீஸ் பக்கம்தான் போனது. ஆனால் உடனே இல்லை. ஸ்கெட்ச் போடவே தெரியாமல் போய் உட்கார்ந்தால் 45 நாளில் முதல் பதினைந்து நாள் ஐகான் தேடுவதிலேயே போய்விடும். அது வீட்டிலேயே காசில்லாமல் செய்யக்கூடியது. அதனால் ஒரு மாதம் வீட்டில் ஃப்ரீகேட் போட்டுக்கொள், ஏதாவது ஒன்றைப் பிரித்து வரை, டிராயிங்கை எனக்கு அனுப்பு, அப்புறம் பேசலாம் என்றேன். சீட்டுப் பணம் அதுவரை பேங்கில் இருக்கட்டும்.

ஏதாவது ஒன்றை என்று சொன்னதுதான் தப்பு. பத்து நாள் கழித்து அக்கா போன். வீட்டு கிரைண்டரை மொத்தமாகப் பிரித்து ஹாலில் பரப்பியிருக்கிறானாம், இட்லிக்கு மாவு கடையில் வாங்குகிறார்களாம். என்னைத் திட்டி முடித்துவிட்டு அவனிடம் போனைக் கொடுத்தாள். "மாமா, மோட்டார் ஷாஃப்டுல இந்தப் புல்லி கையால தள்ளுனா கொஞ்சம் இறுக்கமா போகுது. டிராயிங்ல அதுக்கு என்னன்னு போடறது?" என்று கேட்டான்.

டேபிளைப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் இரவு டிராயிங் வந்தது. போருக்கு எச்7 போட்டிருந்தான். புல்லியை ஷாஃப்டோடு இறுக்குகிற செட் ஸ்குரூவின் துளை எந்த முகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை விட்டிருந்தான். நான் எதையும் திருத்தவில்லை.

இன்டென்சிவ் பேட்ச் பத்தாம் தேதி தொடங்குகிறது. அதற்கு முந்தின சனிக்கிழமை டெமோ கிளாஸ். அந்தத் தாளை அப்படியே பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் அங்கிருக்கிற ஆசிரியரிடம் நீட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் பேனாவை எடுத்து அந்தத் துளையைச் சுழித்தால் அங்கேயே ஃபீஸ் கட்டிவிடலாம். "வெரி குட்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட வேண்டும், கணபதியில் ஒன்றிரண்டு பட்டறைக்காரர்களிடம் நானே பேசுகிறேன்.

அக்காவுக்கும் இந்த ஏற்பாட்டில் சம்மதம்தான். டெமோவுக்குப் போவதற்கு முன்னால் கிரைண்டரை மாட்டிவிட்டுப் போகச் சொன்னாள்.